மாற்றுக் காணி

அடுத்த வீட்டு அமிர்தநாதர் காலைக் கோப்பிக்கு வந்தபோது அங்கே, இலங்கையில், பொழுதுபட்டிருக்கும். விடிந்தால் ஜனாதிபதித் தேர்தல். ஸ்காபரோவில், அந்த வோட்டே இல்லாத இரண்டு கிழவர்கள் என் சோபாவில் இருந்து ஆட்சி அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உவன் வந்தால் ஆமி பிடிச்ச காணியளை விடுவான், அமிர்தண்ணை. மேடையில சொல்லிப்போட்டான்,” என்றார் என் கணவர் குலசிங்கம்.

“மேடையில ஆரும் விடுவினம். கதிரையில இருந்தாப்பிறகு தளபதியைக் கேளாமல் ஒரு முள்ளுக்கம்பி கழட்டுவானோ? உமக்கு இந்தக் குளிருக்கு மூளை விறைச்சுப் போச்சு.”

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். இவருடைய தங்கை தவமணி ஊரிலிருந்து போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். வன்னியில் அவளுடைய சீதனக் காணியில் சண்டை முடிந்த நாள்முதல் இராணுவ முகாம். அங்கே கிணற்றடிக்குப் பின்னால், ஷெல் விழுந்த அன்று நாங்கள் அவசரமாகப் புதைத்த என் மகன் கீதன் இருக்கிறான். இப்போது அதற்கு மாற்றாக அரசாங்கம் அவளுக்கு வேறு இடத்தில் காணி தருகிறதாம். கையெழுத்து வைத்தால் பழைய காணியை இனிக் கேட்க முடியாது.

வெல்லுகிறவன் எப்படி ஆளுவான் என்று நானும் யோசிக்கிறேன்தான். முதலில் மாலைகள், பிறகு கூட்டங்கள். ஒரு நாள் யாரோ மேசையில் வரைபடத்தை விரிப்பார்கள். முகாமுக்கு ஒரு நிறம் பூசியிருக்கும். அந்த நிறத்துக்குள் ஒரு கிணறு இருப்பதை அவனுக்கு யார் சொல்வார்கள்? அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த வரைபடத்துக்குப் போவான்.

தவமணி எடுத்தாள். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“பொறு தவம். நாளைக்கு உவனுக்குப் போடு. கையெழுத்து மட்டும் வையாதை.”

“போன முறையும் ஒராளைச் சொன்னியள், அண்ணை. போட்டன். அவரும் வந்தவர். நான் இன்னும் வாடகைக் கொட்டிலுக்கதான். மச்சாளிட்டக் குடுங்கோ.”

நான் ஈரக் கையோடு வாங்கினேன்.

“மச்சாள், பிள்ளை அங்க கிடக்கிறான். நீங்கள் வேண்டாமெண்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

அவள் சொன்னால் வைக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

“புதுக் காணியில தண்ணி எப்பிடி?”

“நல்ல தண்ணி.”

“அப்ப கையெழுத்தை வை.”

“வோட்டை ஆருக்குப் போடுறது?” என்றாள்.

“அதை நீயே யோசி.”

இவர் என்னைப் பார்க்காமல் எழுந்து, வெறுங்காலோடு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அமிர்தநாதர் கோப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த முதுகைப் பார்த்து, அவன் வென்று வந்தால் முதல் வேலையாக என்ன செய்வான் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.