ஏசுதாஸின் பேரீச்சங்குருத்து

செங்கல்பட்டுக்கு வெளியே, திசு வளர்ப்பில் பேரீச்சைக் கன்றுகளை உண்டாக்கும் ஒரு சின்ன ஆய்வகத்தில் சாராளுக்குப் பதினோரு வருட வேலை. அவள் கைபட்டுப் பிழைத்த குருத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் ஏசுதாஸ் கொண்டுவந்ததற்காக மட்டும்தான் அவள் கோயிலில் மண்டியிட்டு ஜெபித்திருக்கிறாள்.

ஏசுதாஸ் மாமல்லபுரம் பக்கம் ஒரு ஓட்டலில் வாட்ச்மேன். மஸ்கட்டில் கிரேன் ஓட்டிய மகன் ஜான்சன் லீவில் வந்தபோது தின்று போட்ட பேரீச்சங்கொட்டை ஒன்று குழாயடியில் முளைத்தது. அடுத்த லீவுக்கு ஜான்சன் பெட்டியில் வந்தான். மரம் நின்றது, காய்த்தது. ஊரே தின்று பார்த்து அதிசயப்பட்டது. அப்புறம் சிவப்புக் கூன்வண்டு தண்டைக் குடைந்து மரத்தைச் சாய்த்துவிட்டது. அடியில் இருந்த ஒரே பக்கக்கன்றிலும் துளை விழுந்திருந்தது. நட்டால் வேர் பிடிக்காது. அதை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கொட்டைய போட்டா இதே மரம் வராதாமே மா? ஆம்பள மரமா கூட வந்துடுமாம். எனக்கு இதேதான் வோணும்."

"கன்ன உரிச்சி உள்ள கீற குருத்த மட்டும்தான் எடுப்போம் அய்யா. கன்னு போயிடும். குருத்தும் பொழைக்குமான்னு சொல்ல முடியாது."

"நீ எடு மா."

சுண்டுவிரல் நுனியளவு குருத்தை அவள் துண்டுகளாக நறுக்கிப் புட்டிகளில் வைத்தாள். பெரும்பாலானவை கறுத்துப்போயின. ஒன்று மட்டும் வீங்கி, ஒன்றரை வருடம் கழித்து நான்கு பச்சை முளைகளாகப் பிரிந்தது. ஏசுதாஸ் மாதாமாதம் வந்து கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை, வேர் விடுவதற்காக நான்கையும் புதுப் புட்டிகளுக்கு மாற்றினாள். எட்டாம் நாள் நான்கிலும் வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடியிருந்தது. கழுவிப் பார்த்தாள், மருந்து கலந்து மாற்றிப் பார்த்தாள். மறுபடியும் படர்ந்தது. மற்ற புட்டிகளுக்குத் தொற்றாமலிருக்க அவற்றை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வேகவைத்தாக வேண்டும்.

போன் பண்ணி வரவழைத்தாள். அவர் ஒரு புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னும் பச்சையாத்தான கீது?"

"இருக்குது. ஆனா இனிமே நிக்காது அய்யா."

"எப்டி வந்துச்சி இது?"

குருத்துக்குள்ளேயே ஒளிந்திருந்திருக்கலாம் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. அவளுக்கு வாய் வரவில்லை. "எங் கையில இருந்துகூட வந்திருக்கலாம். தெரில அய்யா."

அவர் புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "முடியற வரைக்கும் நானு இங்கியே இருக்கட்டுமா?"

புட்டிகளைக் கலனுக்குள் அடுக்கி, மூடியைத் திருகி ஸ்விட்சைப் போட்டுவிட்டு அவளும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஆவி இரைந்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஜான்சன் வந்தப்ப பெட்டிய தொறக்கவே வுடல மா. அவன் மூஞ்சிய பாக்கல நானு. நீ ரெண்டு வருசம் இத கண்ணுல காட்டிக்கினு இருந்த."

சாராள் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் ஒரு தரம் கையை வைத்தார். டியூட்டிக்கு நேரமாகிறது என்று எழுந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.