ஒத்திகைக் கல்

என் மருமகள் நிலாவைத் தொலைத்துவிட்டாள். முழு நிலாவை இல்லை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டை. ஆனால் போனில் அவள் குரலைக் கேட்டபோது, முழு நிலாவே கைதவறிச் சாக்கடைக்குள் உருண்டுவிட்ட மாதிரிதான் இருந்தது.

"மாமா, உடனே லேபுக்கு வாங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் என்றால் என் மகன். பால் பொங்கினாலே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுகிற ஆள். நான் அப்படியில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலடிச் சத்தம் கேட்டால் டிக்கெட் வாங்கியவர்களே கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வார்கள். நான் ஏறிய பெட்டியில் பல்லிகூட டிக்கெட் எடுத்த பிறகுதான் சுவரில் ஒட்டும். என்னிடமிருந்து ஒரு கல் தப்பித்துவிடுமா? ஸ்கூட்டரை எடுத்தேன். நான் போன வேகத்துக்கு, வழியில் நின்ற போலீஸ்காரர் சலாம் வைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

அவள் வேலை செய்வது விண்கற்களையும் நிலாப் பாறைகளையும் ஆராயும் கூடம். வாசலில் பார்வையாளர் அட்டையை மாட்டினார்கள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், ஏனென்றால் அதிலிருந்து தங்கப்பொடி உதிர்ந்தால் கல்லின் கணக்கே கெட்டுவிடுமாம். தலைக்குத் தொப்பி, உடம்புக்கு வெள்ளை அங்கி, காலுக்கு உறை. கண்ணாடியில் பார்த்தேன். முட்டைகோஸ் ஒன்று நடந்து வந்துகொண்டிருந்தது.

உள்ளறையில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. காற்றும் ஈரமும் கல்லைத் தொடக்கூடாது என்பதற்காக உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். பெட்டியின் சுவரிலேயே இரண்டு ரப்பர் கையுறைகள் பொருத்தியிருந்தன. வெளியிலிருந்து அவற்றுக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். மருமகள் இரண்டு கையையும் உள்ளே விட்டபடி, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இடுக்கியில புடிச்சேன் மாமா. டக்குனு துள்ளிடுச்சு. உள்ள காத்து ரொம்ப வறட்சி, மின்சாரம் ஏறிடும். துண்டுங்க வெட்டுக்கிளி மாதிரி குதிக்கும். பெட்டியை விட்டு வெளிய போகல, ஆனா காணோம்."

"பெட்டிக்குள்ளதான இருக்கு? தேடுவோம்."

"காலைல இருந்து தேடறேன். அது இரவல் கல்லு மாமா. கொடுத்த இடத்துலேர்ந்து அதிகாரியம்மா இன்னிக்கு மத்தியானம் வந்து வாங்கிட்டுப் போறாங்க. இல்லன்னு சொன்னா இந்த லேபுக்கு இனிமே நிலாக் கல்லே கிடையாது. என் ஆராய்ச்சி அதோட முடிஞ்சுது."

நான் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு தேடினேன். மூலை, இடுக்கு, தூரிகை மயிர், தராசின் அடி என்று பார்த்ததில் என் மூச்சுதான் கண்ணாடியில் படிந்தது. வேறெதுவும் அகப்படவில்லை. இந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அவளுடைய மேலதிகாரி. லேபில் அவருக்குப் பெயரே 'கறார்'தான்.

"எல்லாம் ரெடியா? இவர் யாரு?"

"என் மாமனார், சார்."

"மாமனாருக்கு இங்க என்ன வேலை?"

"மேற்பார்வை" என்றேன், டிக்கெட் கேட்கிற குரலில். மனிதர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். சத்தியமாகத் தொட்டுப் பார்த்தார்.

மருமகள் கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "அவங்க வந்ததும் உண்மையைச் சொல்லிடப் போறேன் மாமா."

அவளைச் சிரிக்க வைக்க வேறு வழி தெரியாமல் பெட்டிக்குள் மூடியிருந்த ஒரு சின்னக் குப்பியைக் காட்டினேன். அதிலும் அதே மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. "இது என்ன?"

"அது ஒத்திகைக் கல்லு. பூமியோட எரிமலைக் கல்லு. நிலாக் கல்லைத் தொடறதுக்கு முன்னாடி, எடுக்கறது, நிறுக்கறது, திரும்ப வைக்கறது எல்லாத்தையும் இதை வச்சு ஒரு தடவை செஞ்சு பாக்கணும். இங்க அதான் பழக்கம்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. இதையே குடுத்துடேன்."

"மாமா!"

"அந்தம்மா என்ன நிலாவுலயா பொறந்தாங்க, கண்டுபிடிக்க?"

"ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவாங்க. இருங்க, காட்டறேன். இல்லன்னா நீங்களே அவங்ககிட்ட இதை நீட்டினாலும் நீட்டுவீங்க." கோபத்தில் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. குப்பியைத் திறந்து துண்டை எடுத்து, பெட்டிக்கு மேல் பொருத்தியிருந்த நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள். பக்கத்துத் திரையில் கறுப்பாக ஒரு மலை எழுந்தது. "நிலாவுல காத்து கிடையாது. அதனால வானத்துல அலையற தூசி நேரா வந்து மோதும். மோதின எடம் உருகி, கண்ணாடி பூசின மாதிரி குட்டிக் குட்டிக் குழியா இருக்கும். பூமிக் கல்லுல அப்படி ஒண்ணுகூட இருக்காது. நல்லாப் பாத்துக்குங்க."

நல்லாப் பார்த்தேன். "இருக்கே."

"என்ன இருக்கு?"

"குழி. அதோ, கிண்ணம் மாதிரி பளபளன்னு. பக்கத்துல இன்னொண்ணு. அம்மை வந்த மூஞ்சி மாதிரி இல்ல இருக்கு?"

அவள் துண்டைத் திருப்பினாள். குழி. மறுபடி திருப்பினாள். குழிமேல் குழி.

"மூடி" என்றாள்.

"என்ன மூடி?"

"குப்பியில எதுவும் ஒட்டினா எடை மாறிடும்னு பேரை மூடி மேலதான் ஒட்டுவோம். காலைல அவசரத்துல ரெண்டு மூடியையும் ஒண்ணாக் கழட்டினேன் மாமா. ஒத்திகை முடிஞ்சதும் மாத்தி மூடிட்டேன்! அப்புறம் நிலான்னு நினைச்சு நான் எடுத்தது பூமியை!"

துண்டைத் தராசில் வைத்தாள். இரவல் தந்தபோது எழுதியிருந்த எடை கடைசிப் புள்ளிவரை பிசகாமல் வந்தது. முட்டைகோஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தது. அவள் கையைப் பெட்டியிலிருந்து உருவாமலேயே நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவும் செய்தாள். அவள் விட்ட பெருமூச்சில் ஜன்னல்கள் அதிர்ந்தன என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதிர்ந்தன.

கறாரோடு அதிகாரியம்மா வந்தார். துண்டைப் பார்த்தார், நிறுத்தார், தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். என் மருமகள் விடவில்லை. மூடி மாறியது முதல் தான் அழுதது வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். கறாரின் முகம் வெயிலில் வைத்த மெழுகாகிக்கொண்டிருந்தது.

"அப்போ தொலைஞ்சது எது?" என்று அந்தம்மா கேட்டார்.

"பூமி, மேடம்."

"பரவாயில்ல விடுங்க. அது நெறைய இருக்கு." அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. "எங்க லேப்ல ஒருத்தர் நிலாத் துண்டைத் தும்மலோட உள்ள இழுத்துட்டாரு. நீங்க எவ்வளவோ தேவலை. இனிமே ரெண்டு குப்பியையும் ஒரே நேரத்துல திறக்காதீங்க. அடுத்த துண்டு அனுப்பறேன்."

அவர் போனதும் நாங்கள் தெருமுனை டீக்கடையில் போய் நின்றோம். மருமகளின் தலையில் தொப்பி அப்படியே இருந்தது. கடைக்காரர் அதையே பார்த்தார். அவள் கண்டுகொள்ளாமல் தன் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்து, என் கையிலிருந்த டீயையும் வாங்கிக் குடித்தாள்.