ஓடெலின் பரணில் ராய்ஸின் கத்தி

சக்கரம், அச்சு இயந்திரம், விரல் பட்டதும் விரியும் மடக்குக் கத்தி: மனித குலம் உருப்படியாகச் செய்தவை இந்த மூன்றுதான். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. இது ராய்ஸ் டில்மனின் முடிந்த முடிபு. அமெரிக்காவின் ஆர்கன்சா மலைக்காட்டில், மான் வேட்டைப் பரணில், பல் கிட்டும் காலைக் குளிரில், வருங்கால மாமனார் ஓடெலுக்கு அதைக் கிசுகிசுப்பாக விளக்கிக்கொண்டிருந்தான்.

“டி2 எஃகு, சார். மூணேகால் இஞ்ச் அலகு. கறுப்புப் பூச்சு, வெயில்ல மின்னாது. கைப்பிடி கண்ணாடி நாரும் பிசினும் சேத்து அழுத்தினது, ரத்தம் பட்டாலும் வழுக்காது. உள்ள முறுக்குக் கம்பி இருக்கு. நாம லேசா தள்ளினா போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்.”

“மிச்சம்னா?”

“திறக்கிறது, சார்.”

“அதுகூட உன்னால முடியாதாக்கும்.”

ராய்ஸுக்கு அன்று எந்தக் குத்தலும் உறைக்கக் கூடாது. ஓடெலின் மகள் கேசி தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: “அப்பா வாயால சரின்னு சொல்ல மாட்டாரு. பரணுக்கு ரெண்டாவது தடவ கூப்பிட்டா சம்மதம். கூப்பிடலன்னா வேற பொண்ணப் பாரு.” ஓடெலுக்குப் பெண் கொடுப்பது பெரிய விஷயமில்லை. பரணில் இடம் கொடுப்பதுதான் பெரிய விஷயம்.

ஓடெல் தன் மஞ்சள் பிடிக் கத்தியை எடுத்து, அலகின் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் நிதானமாகத் திறந்து, பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார். ராய்ஸால் சும்மா இருக்க முடியவில்லை.

“மாத்திரை டப்பா திறக்கிற மாதிரி ரெண்டு கையா, சார்? நீங்க திறக்கறதுக்குள்ள மானுக்கே வயசாயிடும்.”

ஓடெல் மான்கறி சாசேஜை எடுத்து அவன் மடியில் போட்டார். பரணுக்குப் புதிதாக வருபவன்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம்.

ராய்ஸ் பெருமையாக விரலை அழுத்தினான்.

டக்!

உறைபனி மூடிய காட்டில் அது கதவை அறைந்து சாத்தியதுபோல் கேட்டது. எதிரே புதருக்குப் பின்னால், அப்போதுதான் ஓடெலின் கண்ணில் மட்டும் பட்டிருந்த பத்துக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் துள்ளியது. வெள்ளை வால் ஒருமுறை தெரிந்தது. பிறகு காடு மட்டும் இருந்தது.

பாதி தூக்கிய துப்பாக்கியை ஓடெல் கீழே வைத்தார்.

“கம்பி மிச்சத்தப் பாத்துக்கும்னியே, பாத்துக்கிச்சு.”

“சார், அது வந்து...”

“மூணு வருஷமா அதுக்குக் காத்திருந்தேன்.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சாசேஜை யாரும் தொடவில்லை. கேசிக்கு என்ன சொல்வது என்று ராய்ஸ் நான்கு பொய்களை யோசித்து, நான்கையும் கைவிட்டான்.

பிறகு ஒரு பெண்மான் வந்து, பரணுக்கு நேர் கீழே ஓக் கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் ஆண்மான் ஏதாவது வரக்கூடும். ஓடெல் அதைப் பார்த்தார், ராய்ஸைப் பார்த்தார், சாசேஜை மெல்ல அவன் பக்கம் தள்ளினார்.

“பசிக்குது,” என்றார், உதடு மட்டும் அசைய.

ராய்ஸ் மடக்கியிருந்த கத்தியைக் கோட்டுக்குள் கொண்டுபோனான். ஒரு கை பிடியில், மறு கை அலகின் முதுகில். உள்ளே திமிறிய கம்பியை, தேவாலயத்தில் தும்மலை அடக்குபவன்போல் விரல்களால் இறுக்கிப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக விட்டான். அலகு வெளியே வந்துசேர ஒரு நிமிடம் ஆயிற்று. பெண்மான் தலை நிமிரவில்லை.

ஓடெல் நீட்டிய உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தான். அவர் மென்றுகொண்டே, “சனிக்கிழமை இன்னும் சீக்கிரம் வா,” என்றார்.

ராய்ஸ் சத்தம் வராமல், இரண்டு கையாலும் கத்தியை மடக்கத் தொடங்கினான்.