சுடாத கால்

தங்கப்பாண்டியனின் காலைப் பற்றிக் கயத்தாறு வரைக்கும் பேச்சு இருந்தது. பேசியவர்களில் ஒருவர்கூட அந்தக் காலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்த்தவள் அவர் மனைவி ராமலட்சுமி ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை.

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார் அவர். சொந்த ஊர் பசுவந்தனைப் பக்கம். அங்கே காளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வருஷம் தவறாமல் பூக்குழி இறங்குவார். முன்பெல்லாம் மற்றவர்களைப் போலத்தான், விழுந்தடித்து ஓடிக் கரையேறுவார். நாலைந்து வருஷமாக நடை மாறிவிட்டது. கங்கின் மேல், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஆற அமர நடந்தார். போன வருஷம் நடுக்குழியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். ஊர் சொக்கிப்போனது. 'அவியளுக்கு ஆத்தா பூ விரிச்சிருக்கா' என்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு முன்னால் அவரிடம் திருநீறு வாங்கினார்கள்.

ஆத்தா விரித்த பூ அடுத்த நாள் கொப்புளமாகக் கிளம்பியது. ராமலட்சுமி கதவைச் சாத்திக்கொண்டு மருந்து போட்டாள். "வெயில் காலம்லா, தோல் உரியுது" என்று சொல்லிவிட்டு அந்தப் புண்ணியவான் பேப்பர் படித்தார்.

சர்க்கரை நோய் அவருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அதற்கு அவரிடம் ஒரு வைத்தியமும் இருந்தது. கடலை மிட்டாய் ஒரு கை, மாத்திரை ஒன்று. இனிப்பையும் கசப்பையும் உள்ளே அனுப்பிவிட்டால் அதுகள் இரண்டும் அடித்துக்கொள்ளும், நமக்கென்ன என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் கொடைக்குக் கொஞ்ச நாள் முன்னால், ராமலட்சுமி வீடு துடைக்கும்போது தரையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்தாள். வாசலில் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் நின்றன. காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் வேலிக்கருவை முள், அடிவரைக்கும் இறங்கியிருந்தது. அவர் காட்டுக்குப் போய்வந்தது முந்தின நாள்.

"நேத்துலருந்து இதோடயா நடக்குதீங்க?"

"கரிசக்காட்டுக் காலுட்டி இது. முள்ளுதான் என்னப் பாத்துப் பயப்படணும்."

"பயந்துபோய்தான் உள்ள ஒளிஞ்சிருக்கு போல" என்று சொல்லிக்கொண்டே முள்ளைப் பிடுங்கினாள். பின்னாலேயே சீழ் வந்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முள்ளைவிட அந்த முகம்தான் அவளை அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்க வைத்தது.

ஸ்டேஷன் பக்கம் புதிதாகச் சர்க்கரைக்காரர்களின் காலுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள்.

"காலுக்குத் தனியா ஒரு டாக்டரா? நாளைக்குச் சுண்டுவிரலுக்கு ஒருத்தன் போர்டு மாட்டுவான்."

"புண்ணு பெருத்தா பூக்குழி எறங்க முடியாது, பாத்துக்கிடுங்க."

மனைவி பேச்சுக்கு அசையாத மனிதர், பூக்குழி என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் ப்ரியதர்ஷினிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். புண்ணைச் சுத்தம் செய்து கட்டிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையைக் கையில் எடுத்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க ஐயா. இது கால்ல படும்போதெல்லாம் சொல்லுங்க."

தங்கப்பாண்டியன் கண்ணை மூடினார். வியாபாரத்தில் யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய். அவள் பெருவிரலில் தொட்டாள். அவர் பேசாமல் இருந்தார். குதிகாலில் தொட்டாள். அப்போதும் சத்தமில்லை. இது சரிப்படாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"தெரியுது" என்றார்.

அந்த நேரம் டாக்டர் தொடவில்லை. இழையை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பவும் தெரியுது. இந்தா, நல்லா அழுத்துதீங்க."

ராமலட்சுமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் இறங்கியது.

கால் நரம்பு மரத்துப் போய்விட்டது என்றாள் டாக்டர். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், மெத்தென்ற செருப்பு எழுதித் தருகிறேன் என்றாள். ராமலட்சுமி மெல்லப் பூக்குழி விஷயத்தை எடுத்தாள். டாக்டரின் பேனா நின்றது.

"இந்தப் புண்ணோட நெருப்புல இறங்கினா காலை எடுக்க வேண்டி வரலாம் ஐயா."

"அத நீங்களும் ஆத்தாளும் பேசி முடிவு பண்ணுங்கம்மா" என்று எழுந்துவிட்டார்.

புதுச் செருப்பு வந்தது. அழையாத விருந்தாளியைப் போல வாசலிலேயே கிடந்தது. சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்பா என்றார். நாள் பார்த்துப் பூக்குழிக்காகக் கையில் காப்பும் கட்டிக்கொண்டார். அன்றைக்கு ராமலட்சுமி ஒப்பாரி வைக்காத குறையாகக் கெஞ்சினாள். அப்போதுதான் மனிதர் நிஜத்தைச் சொன்னார்.

"நான் எறங்கலன்னா ஊர் சும்மா இருக்குமா? என்னமோ தீட்டுப் பண்ணிட்டான்னு பேசும். சுகருன்னு சொன்னா, அப்ப இத்தன வருஷமும் குழியில நடந்தது சுகருதானான்னு கேப்பான்."

கேட்டால் சரியாகத்தானே கேட்கிறான் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கொடை அன்று சாயங்காலம், கங்கு பரப்பியாயிற்று. மஞ்சள் வேட்டியும் மாலையுமாகத் தங்கப்பாண்டியன் முன்னால் நின்றார். கால்கட்டை அவிழ்த்து எங்கேயோ எறிந்திருந்தார். இனி மனுஷி பேச்சு எடுபடாது என்பது ராமலட்சுமிக்குத் தெரிந்துபோனது.

அந்த ஊரில் சாமி வந்தவர் வாக்குக்கு மறுவாக்குக் கிடையாது. சாதாரண நாளில் வாயைத் திறக்க முடியாத மருமகள்கள் மேல் சாமி இறங்குவதும், இறங்கிய சாமி நேராக மாமியாரைக் கூப்பிட்டுக் கணக்குத் தீர்ப்பதும் ராமலட்சுமி காலமெல்லாம் பார்த்துச் சிரித்த கூத்து. இப்போது அவளே கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மேளத்துக்கு ஆடினாள். கல்யாணமாகி அதுவரை வாயில் எடுக்காத பேரை எடுத்தாள்.

"ஏலே தங்கப்பாண்டி! எங் குழிக்கு நீ வேண்டாம். காலுக்குச் செருப்பப் போடு. வீட்டுக்குள்ளயும் போடு. தெனமும் உள்ளங்காலக் கண்ணாடியில பாரு. கடலை மிட்டாயத் தொட்ட, ஆத்தா சும்மா இருக்க மாட்டேன்."

கடலை மிட்டாய் வரைக்கும் ஆத்தா கவனிக்கிறாளே என்று கூட்டம் புல்லரித்தது. தங்கப்பாண்டியன் வாய் பிளந்து நின்றவர், கைகூப்பிப் பின்வாங்கினார். யாரோ ஓடிப்போய், ராமலட்சுமி கையோடு கொண்டுவந்திருந்த பையிலிருந்து செருப்பை எடுத்துவந்து அவர் காலில் மாட்டினார்கள். மகள் வயது டாக்டர் சொல்லிக் கேட்காத கால், ஆத்தா அதட்டியதும் செருப்புக்குள் போய்விட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் நல்ல கொடைதான். கோயில் கமிட்டித் தலைவர் சங்கிலிப்பாண்டி தேங்காய்த் தட்டோடு முன்னால் வந்தார்.

"உத்தரவு தாயே. ஆனா கட்டுன காப்பு வீணாப் போனா ஊருக்கு ஆகாது. நீ எந்த உடம்புல வந்திருக்கியோ, அந்த உடம்போட நீயே எறங்கிக் கொடுத்துரு."

ராமலட்சுமி இதை யோசிக்கவே இல்லை. சுடும், நான் மாட்டேன் என்று எந்தச் சாமி சொல்லும்? ஆட்டம் ஒரு நொடி தடுமாறியது. அந்த நொடியிலேயே தங்கப்பாண்டியன் குனிந்து செருப்பைக் கழற்றப் போவதைப் பார்த்தாள். அவ்வளவுதான், குழிக்குள் காலை வைத்துவிட்டாள்.

சுட்டது. உயிருள்ள காலை நெருப்பு எப்படிச் சுடுமோ அப்படியே சுட்டது. குலவைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு "ஐயோ எம்மா" என்று கத்தினாள். ஓடினாள், தடுமாறினாள், மறுகரையில் பால் ஊற்றியிருந்த பள்ளத்தில் போய் விழுந்தாள். குலவை நின்றுவிட்டது. ஆத்தா ஐயோ என்று கத்தி அந்த ஊர் கேட்டதில்லை.

"நடிச்சிருக்கா." "ஆத்தாளா இருந்தா சுடுமா?" என்று பேச்சு கிளம்பியது. முகம் கோணாமல் குழி தாண்டியவரின் மனைவி இப்படியா என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

தங்கப்பாண்டியன் பள்ளத்தோரம் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்திருந்தார். தோல் உப்பிக்கொண்டே வந்தது. அவர் விரல் பட்டபோதெல்லாம் அவள் காலை உதறி இழுத்தாள்.

"ரொம்பச் சுட்டுச்சா ராமு?"

"தீ சுடாம பின்ன என்ன செய்யும்?" என்றாள். அழுகையில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

சங்கிலிப்பாண்டி பின்னால் வந்து குனிந்தார். "அண்ணாச்சி, வந்தது ஆத்தா இல்ல. கங்கு இன்னும் ஆறல. நீங்க எறங்கி ஊர்க் குத்தத்தக் கழிச்சிருங்க."

தங்கப்பாண்டியன் நிமிரவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"அவளுக்குச் சுட்டுச்சுன்னா அது ஒழுங்கான காலு, சங்கிலி. என் காலுதான் செத்துப் போச்சு. சுகரு. இத்தன வருஷமா ஆத்தாளும் பூ விரிக்கல, ஒண்ணும் விரிக்கல."

அவரிடம் திருநீறு வாங்கிய தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார்கள். அவமானத்தில் அவர் காது சிவந்திருந்தது. ராமலட்சுமிக்கு அந்தக் கால் எரிச்சலிலும் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார்.

வரிசையில் அடுத்து இறங்க நின்ற பலசரக்குக் கடை இசக்கிபாண்டி, மாலையும் கழுத்துமாக மெல்லக் கிட்டே வந்தான். இரண்டு வருஷமாக அவனும் ஆற அமரத்தான் நடந்துகொண்டிருந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, எனக்கும் போன வருஷம் சுடல."

தங்கப்பாண்டியன் அவன் வெறுங்காலைப் பார்த்தார்.

"ஆட்டோவுல எடம் இருக்கு, ஏறு" என்றார்.