தீவுச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். நீளமான பொய்கூட இல்லை, இரண்டே சொல். அதனால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. கெட்டதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே வேலை எழுதுவது என்பதால் ஆறாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் ஐந்தும் அடுப்புக்குப் போயின. இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அதற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல, அலுப்பு.

முதல் படி இப்படித் தொடங்கியது: ‘கடல் கடந்து வந்த அந்தச் செடியின் மணம் வளவு முழுக்க—’

செடிக்கு மணமே கிடையாது.

இரண்டாம் படி: ‘தாகம் எடுத்தவள் திருடினால் அது திருட்டா என்று—’

இந்த அயோக்கியத்தனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தத் தடவை ஆவுடையாள் ஆச்சியிடமிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

2

ஆவுடையாளுக்கு அப்போது இருபத்தாறு வயது. திருமயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். ஊர் நிறையப் பெரிய வீடுகள், வீடு நிறையப் பூட்டிய அறைகள். கணவர் அடைக்கப்பனுக்குப் பினாங்கில் கடை. ஐம்பத்தொன்றில் அவர் ஊருக்கு வந்தபோது மண்ணெண்ணெய் டின்னில் ஒரு செடியைக் கொண்டுவந்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. தடித்த இலை, இலைமேல் பூனைமயிர். பினாங்கிலிருந்து ஒரு நாள் கடல் தூரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தீவில்தான் அது முளைக்குமாம். அங்கேயும் எண்ணி முப்பது புதர்தான் மிச்சமாம். செடிகொடிகளை ஆராய்கிற ஒரு வெள்ளைக்காரர், கடையில் சாமான் வாங்கிய பழக்கத்தில் ஒரு கன்றைக் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது அடைக்கப்பன் மனைவியிடம் சொன்னார்:

“இது பூத்துச்சுன்னா எழுது. வந்து ஒன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். கிளம்புகிற அவசரத்தில் மனுஷர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். ஆனால் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் மொத்தம் பத்து மாதம் கணவனோடு இருந்தவளுக்கு, கூட்டிக்கொண்டு போகிறேன் என்ற வார்த்தை முதல் தடவையாகக் காதில் விழுகிறது. அன்றிலிருந்து ஆவுடையாளின் உயிர் அந்த டின்னில்தான் இருந்தது.

[இந்த இடத்தில் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். வரட்டும். எனக்கும் வந்தது. அங்கேதான் நான் சறுக்கினேன்.]

அவள் செய்த பராமரிப்பை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செடியை இரண்டாம் கட்டு முற்றத்தில் வைத்தாள். கண்மாயிலிருந்து கரம்பை மண் வரவழைத்து டின்னை நிரப்பினாள். ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துத் தூவினாள். உச்சி வெயிலுக்கு ஓலைத் தட்டி மறைப்பு. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துவிடுவாள். காலையும் மாலையும் ஊருணித் தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக் கிணறுகள் உப்பு. குளிக்க, துவைக்க அது போதும். குடிக்க ஊருணி. அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். வீடு தேடி வந்தவருக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தால் அவரைத் தெருவில் பிடித்துத் தள்ளியது போல. அத்தனை தூரம் கடல் தாண்டி வந்த செடிக்கு மட்டும் உப்புத் தண்ணீரா?

அந்த வீட்டில் மூக்காயி வேலை பார்த்தாள். முப்பது வயது. கணவன் அதே ஊரில் வானம் பார்த்த நிலம் உழுபவன். ஒரு மகள். மூக்காயி பிறந்தது மீமிசல் பக்கம், கடலோரம். செடியைப் பார்த்த அன்றைக்கே சொன்னாள்.

“ஆச்சி, எங்க ஊருல கடக்கரையில இப்பிடித்தான் தடிச்ச எலையா மொளைச்சுக் கெடக்கும். கெணத்துத் தண்ணியவே ஊத்திப் பாப்போமே.”

“வந்த விருந்தாளிக்குக் கெணத்துத் தண்ணி குடுக்கச் சொல்றியா?” என்றாள் ஆவுடையாள். மூக்காயி ஊருணிக்குக் குடம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

3

இப்போது நான் வரவேண்டிய இடம். மூன்று படிகளில் வராமலே சமாளித்தேன். கதை நொண்டியது.

அடைக்கப்பன் குடும்பம் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில். ஆவுடையாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுத வராது. பினாங்குக்குக் கடிதம் எழுதுவது என் வேலை.

ஆறே மாதத்தில் இலை ஓரம் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியது. “சுகம்னே எழுதுங்க, வாத்தியாரே” என்றாள். நான் சுகம் என்பதோடு நிறுத்தவில்லை. ‘தளதளவென்று இருக்கிறது’, ‘நேற்றும் ஒரு துளிர்’ என்றெல்லாம் போட்டுத் தாளித்தேன். இப்படி நான்கு கடிதங்கள். என் முதல் புனைகதைகள் அவைதான். படிக்கும்போது செடியை நேரில் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று அடைக்கப்பன் பதில் எழுதினார். அந்த வரியை எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: செடிக்கு நோய் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியும். நாங்கள்தான் கேட்கவில்லை.)

4

ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தது. ஊருணி சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வாய்த் தண்ணீராக நின்றது. ஊர் கூடி, வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். காவலுக்குக் கண்ணுசாமி.

செடியில் பதினோரு இலை மிச்சம். கரம்பை மண் மேலே வெடித்துக் கிடந்தது. அடியில் ஈரம் தேங்கி வேர் அழுகுவது அவளுக்கு எப்படித் தெரியும்? தாகம் என்றுதான் நினைத்தாள். மத்தியானம் கரையில் ஆள் இருக்காது, இன்னொரு குடம் கொண்டுவா என்று மூக்காயியிடம் சொன்னாள். யாராவது கேட்டால் ஆச்சி சொன்னதாகச் சொல் என்றாள். மூக்காயி தயங்கினாள், ஆனாலும் போனாள். எட்டு நாள் மூன்றாவது குடம் வந்தது. நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது அது என்னைத் தாண்டித்தான் முற்றத்துக்குப் போகும்.

ஒன்பதாம் நாள் கண்ணுசாமி பிடித்துவிட்டார். ஐந்து ஆண்கள், நடுவில் இடுப்புக் குடத்தோடு மூக்காயி. அவள் முகத்தில் பயமே இல்லை. ஆச்சி சொன்னதைச் சொல்லி, சரியான வாசலுக்குத்தானே கூட்டிவந்திருக்கிறாள்.

ஆவுடையாள் நிலைப்படியில் நின்றாள். ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்போது பெரிய வீட்டில் செடிக்குக் குடிதண்ணீர் ஊற்றினார்கள் என்ற பேச்சு பினாங்கு வரை போகும். அதன்பிறகு யார் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார்? அவள் கண் ஒருமுறை உள்ளே போய்த் திரும்பியது.

“எங்க வீட்டுக்கு ரெண்டு குடந்தான் வந்துச்சு” என்றாள்.

மூக்காயி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணுசாமியும் என் பக்கம் திரும்பி, “வாத்தியாரே, நீங்க தெனம் இங்கிட்டுத்தானே சாப்பிடுறீங்க. பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“நான் கவனிக்கலை.”

கரையில் வைத்துக் குடத்தை உடைத்தார்கள். மழை வரும்வரை அவள் குடும்பத்தில் யாரும் கரை ஏறக்கூடாது என்று தீர்ப்பானது. தாயும் மகளும் மூன்று மைல் நடந்து அடுத்த ஊரில் கெஞ்சித் தண்ணீர் எடுத்தார்கள்.

[இரண்டாம் படியில் மூக்காயி தன் மகளின் தாகத்துக்காகத் திருடுவதாக எழுதினேன். படித்த நண்பர் ஒருவர் கண் கலங்கினார். ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தது. மறுநாள்தான் உறைத்தது. எத்தனை இரக்கத்தோடு எழுதினாலும் அவளைத் திருடி என்றுதானே எழுதியிருக்கிறேன்? ஊர் ஒரு தடவை சொன்னதை நான் அழகாக இன்னொரு தடவை சொல்லியிருக்கிறேன்.]

5

அன்றைக்குத்தான் பினாங்குக்கு உண்மை எழுதினோம், செடியைப் பற்றி மட்டும். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘அது கடல் மணலில், பாறை இடுக்கில் வளர்வது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மண்ணை மாற்று. வாரத்துக்கு ஒரு செம்பு நம் கிணற்றுத் தண்ணீரே போதும்.’

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். “மூக்காயி சொன்னாளே” என்றாள். எழுந்து போய்த் தானே கிணற்றில் இறைத்தாள்.

ஆற்று மணலுக்கு மாற்றிய நாற்பதாம் நாள் துளிர்த்தது. தையில் பூத்தது. எலுமிச்சம்பூ அளவு, வெளிர் மஞ்சள். அடைக்கப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இனி முடிவுதான் பாக்கி. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: கப்பலேறப் போகும் முன் ஆவுடையாள் ஊருணிக் கரையில் நின்று ஊரார் முன் உண்மையைச் சொல்கிறாள். எழுத நன்றாக வந்தது. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: அவள் ஒரு மூட்டை நெல் அனுப்ப, மூக்காயி அதைத் திருப்பி அனுப்புகிறாள். பாதி நிஜம். நெல் போனது, மூக்காயி வாங்கிக்கொண்டாள். வீட்டில் அரிசி இல்லை. என் கதை நிமிர்ந்து நிற்பதற்காக அவள் பட்டினி கிடக்க வேண்டுமா?

முடிவு மூன்று: மழை பெய்தது. எல்லோரும் கரை ஏறினார்கள், மூக்காயியும் ஏறினாள். ஆனால் முறை தாண்டிக் குடம் நனைக்கிறவளை ‘அடி மூக்காயி’ என்று கூப்பிட்டுச் சிரிப்பது அந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. இலுப்பூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஊருணி வரை வந்து, அந்தச் சிரிப்பைக் கேட்டு, விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். அதன்பிறகு அந்தக் குடும்பம் கறம்பக்குடிப் பக்கம் குடிபோனது.

செடியை ஆச்சி என்னிடம் விட்டுப்போனாள். இப்போது இடுப்பு உயரம். வாரம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். வருகிறவர்கள் என் கைராசியை மெச்சுகிறார்கள். நானும் சும்மா இருந்துவிடுகிறேன்.

6

போன மாதம் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் மூக்காயியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். நான் படித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

“அது யாரு ஆவுடையா?”

ஆச்சியின் பெயரை மாற்றியிருக்கிறேன் என்றேன். அந்தக் குடும்பத்துக்குச் சங்கடம் வரக்கூடாது, ஆச்சியின் கணவர் பெயரும் காவல்காரர் பெயரும்கூட மாற்றியவைதான். ஊர்ப் பெயர் போடவே இல்லை.

“ஒங்க பேரு?”

வேறு பெயரில் அனுப்பப் போவதாகச் சொன்னேன்.

அவள் கை நின்றது. “எம் பேரு மட்டும் அப்பிடியே கெடக்கே.”

ஆறு படி எழுதியிருக்கிறேன். ஐந்து அடுப்பில் எரிந்திருக்கின்றன. ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை. அவள் விஷயத்தில் யாருக்குச் சங்கடம் வரப்போகிறது என்று என் கை தானாகவே முடிவு செய்திருக்கிறது. மாற்றிவிடுகிறேன், இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று உளறினேன்.

“வேணாங்க. கெட்டுப் போனது அந்தப் பேருதான், அது இருக்கட்டும். அவுக பேரையும் ஒங்க பேரையும் நெசத்தப் போடுங்க. அது போதும்.”

சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அது இருபது நாளுக்கு முன்னால். பள்ளிக்கூடம் இன்றும் அவர்களுடையது. எனக்கு ஓய்வு பெற நான்கு வருஷம் இருக்கிறது. அது காரணமல்ல என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.

ஆச்சியின் பெயர்: [                    ]

வாத்தியாரின் பெயர்: [                    ]

இதற்குமேல் பேனா நகரவில்லை. ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். திருமயத்துப் பக்கம் ஏதாவது ஊரில், ஊருணிக் கரையில் யாராவது யாரையாவது ‘அடி மூக்காயி’ என்று கூப்பிட்டுச் சிரித்தால், அதுதான் ஊர். அங்கே நின்று, அவள் திருடவில்லை, அந்தத் தண்ணீர் பெரிய வீட்டுக்குத்தான் போனது என்று சொல்லுங்கள். எந்த வீடு என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லையே.