பொத்தானுக்கு ஒரு வீடு

அடுப்பம்மா என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. ரொட்டித் தொழிற்கூடத்தில் ஆளுயர அடுப்புகள் மூன்று இருந்தன. மூன்றும் அவள் பேச்சைத்தான் கேட்கும். வேறு யாராவது தட்டை இழுத்தால் ஓரத்து ரொட்டி கருகியிருக்கும், நடுவில் இருப்பது வெளிறிக் கிடக்கும். அவள் இழுத்தால் அத்தனையும் ஒரே நிறம். எந்த மூலையில் சூடு பதுங்குகிறது, எந்த இடுக்கில் காற்று நுழைகிறது என்று உள்ளங்கையை நீட்டியே சொல்லிவிடுவாள். ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகாத அடுப்பை அவள் அடுப்பு என்று ஒத்துக்கொண்டதே கிடையாது. இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிக்கு ஓர் ஆமைக்குஞ்சு தண்ணி காட்டும் என்று யார் கண்டார்கள்?

ஆமை அவளுடையது இல்லை, தங்கை மகளுடையது. தங்கை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, இன்று தேறிவிடுவாள் நாளை தேறிவிடுவாள் என்று எல்லாரையும் நம்பவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தங்கை புருஷன் குழந்தை பிறந்த கையோடு கழன்றுகொண்ட மகானுபாவன், அவனைப் பற்றிப் பேசி வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக, பத்து வயதைக்கூடத் தொடாத சிட்டு, ஒரு துணிப்பையும் ஒரு செருப்புப் பெட்டியுமாகப் பெரியம்மா வீட்டுக்கு வந்து நின்றாள். வேலை கிடைத்து வெளியூர் போன மகனின் அறை காலியாக இருந்தது. அதை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

செருப்புப் பெட்டிக்குள் இருந்ததுதான் பொத்தான். கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மகளின் நச்சரிப்பு தாங்காமல் தங்கை வாங்கிக் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, திரும்பி வந்ததும் இதற்கு நல்லதாக ஒரு வீடு செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

சிட்டு பெரியம்மாவிடம் பேசமாட்டாள். எது கேட்டாலும் உம், இல்லையென்றால் ம்ஹூம். சாப்பாட்டைக் கோழி மாதிரிக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். பேசுவதெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானிடம்தான். கதவுக்கு வெளியே காதை வைத்து நிற்கும் அளவுக்கு அடுப்பம்மாவின் கதை ஆகிவிட்டது. ஒருநாள் மனசு கேட்காமல், அம்மா சொன்ன வீட்டைப் பெரியம்மா கட்டித் தருகிறேன் என்று வாய்விட்டாள். சிட்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக அடுப்பம்மா தலைகீழாக நிற்கவும் தயார். இந்த ஆமை இந்த வீட்டில் நிலைத்தால் இந்தப் பெண்ணும் தன்னோடு ஒட்டிக்கொள்வாள், இல்லாவிட்டால் இரண்டும் கையைவிட்டுப் போகும் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

தொழிற்கூடத்தில் மாவைப் பொங்க வைக்கிற பழைய பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு அதைத் தூக்கி வந்தாள். செல்லப்பிராணிக் கடையில் ஆமைக்கென்றே விற்கிற விளக்கை வாங்கினாள், அடியில் விரிக்கச் சூடு தரும் பாயும் வாங்கினாள். கடைக்காரன், குஞ்சுக்குக் குளிர் ஆகாது, கதகதப்பு முக்கியம் என்றான். கதகதப்பா? அவளிடமா அதைச் சொன்னான்? பாயை விரித்து அதன்மேல் மண் பரப்பினாள். விளக்கைச் சரியாக நடுவில் தொங்கவிட்டாள். சுவர்களுக்குத் தகரத் தாள் ஒட்டினாள். மூடியின் விளிம்பில் ரப்பர் வைத்துக் காற்றை அடைத்தாள். மூலைக்கு ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்து, எங்கே கொஞ்சம் குறைகிறதோ அங்கே தகரத்தை வளைத்துச் சூட்டைத் திருப்பினாள். நான்கு மூலையும் ஒரே எண்ணைக் காட்டியபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குஞ்சு எந்நேரமும் சிட்டுவின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஒளிந்துகொள்ள ஒரு சின்னக் கல்லைக்கூட உள்ளே வைக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தவர் பெட்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமைக்கு வீடு கட்டியிருக்கியா, இல்ல ரொட்டிக்கு வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவள் முறைத்த முறைப்பில் மனுஷர் குளிக்கப் போய்விட்டார். கிண்டல் செய்கிறவர்கள் வாயிலிருந்துதான் சில சமயம் உண்மை தவறி விழுகிறது. அதை யார் பொறுக்குகிறார்கள்?

முதல்நாள் பொத்தான் சுவரோரமாக ஓயாமல் நடந்தது. ஒரு சுவர் முடிந்தால் அடுத்த சுவர். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது என்று அடுப்பம்மா சொன்னாள், சிட்டுவின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரிகூட இருந்தது. அடுத்து அது மூலையில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டித் தோண்டி அலுத்துப்போய், முகத்தை மூலையில் பதித்துக்கொண்டு கிடந்தது. கீரையைத் தொடவில்லை. குளிர்கிறது போலிருக்கிறது என்று அடுப்பம்மா சூட்டை ஒரு படி ஏற்றினாள். மறுநாளும் தொடவில்லை என்றதும் இன்னொரு படி ஏற்றினாள்.

பிறகு அவளுக்கு வேலையே ஓடவில்லை. லீவு போட்டுவிட்டுப் பெட்டியே கதி என்று உட்கார்ந்தாள். வெள்ளரிக்காயைச் சீவி வைத்தாள், பூவைக் கிள்ளி வைத்தாள், இலையை அதன் வாயருகே ஆட்டிக் காட்டினாள். மூடியைத் திறப்பாள், தொட்டுப் பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். சாப்பிடேன், என் ராசா, ஒரு வாய் சாப்பிடேன் என்று கோட்டுப் பொத்தான் அளவு உயிரிடம் கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்ச அது ஓட்டுக்குள் இன்னும் கொஞ்சம் போயிற்று. சிட்டுவும் அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பொத்தான் கண்ணைத் திறக்கவில்லை. கால்கள் துவண்டு கிடந்தன. கண்ணைச் சுற்றித் தோல் உள்வாங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சிட்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அது தூங்குது."

சிட்டு பெட்டியைப் பார்க்கவில்லை. பெரியம்மாவையே பார்த்தாள்.

"அம்மாவையும் தூங்குறாங்கன்னுதான் சொன்னீங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில், கதவுக்கு வெளியே, இந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிய கை அடுப்பம்மாவுடையதுதான். அம்மா தூங்குகிறாள், அப்புறம் பார்க்கலாம் என்று ஒருமுறையா சொன்னாள்? ஒவ்வொரு நாளும் சொன்னாள், கடைசி நாளும் சொன்னாள். குழந்தை தாங்காது என்று நினைத்தாள். குழந்தை இத்தனை நாளும் அந்தச் சொல்லைத்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுப்பம்மா பெட்டியை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். செருப்புப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. சிட்டு பின்னாலேயே ஓடினாள். வாடகை வண்டிக்காரர் பெட்டி ஏறாது என்றார். ஏறும் என்று ஏற்றினாள். வழியெல்லாம் அழுகை வந்தது. பக்கத்தில் குழந்தை இருக்கிறதே என்று அதை விழுங்கி விழுங்கி வைத்தாள்.

விலங்கு டாக்டர் சின்ன வயசுப் பெண். பொத்தானைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தட்டில், தாடை முழுகாத அளவுக்கு இறக்கிவிட்டாள். இதை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, பெட்டியின் ஒரு மூலையில் கையை விட்டாள். அடுத்த மூலையிலும் விட்டாள். அவள் புருவம் சுருங்கியது.

"எல்லாப் பக்கமும் ஒரே சூடா இருக்கே?"

"அரை டிகிரிகூட வித்தியாசம் இருக்காது டாக்டர்," என்றாள் அடுப்பம்மா. அந்தக் கலக்கத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, பாவம்.

டாக்டர் சத்தம் போடவில்லை. ஆமை நம்மைப் போல இல்லை, அதன் உடம்பு தன் சூட்டைத் தானே கூட்டவோ குறைக்கவோ செய்யாது, வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடந்துதான் சரிக்கட்டிக்கொள்ளும் என்று விளக்கினாள். பெட்டியில் ஒரு கோடி சுட வேண்டும், மறுகோடி குளுமையாக ஈரமாக இருக்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல் ஒடுங்க ஓர் இடமும் வேண்டும். முதல்நாள் அது வீட்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்ததே என்று அடுப்பம்மா இழுத்தாள்.

"அது சுத்திப் பாக்கலம்மா. வெளிய போக வழி தேடியிருக்கு. நீங்க எந்தப் பக்கம் போனாலும் வெயில்னு வச்சுட்டீங்க."

பிழைக்குமா என்று சிட்டுதான் கேட்டாள். உடம்பில் தண்ணீரே இல்லை, முடிந்ததைச் செய்யலாம், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். திரும்பி வரும் வழியில் சிட்டு அதே கேள்வியைப் பெரியம்மாவிடம் கேட்டாள். பிழைச்சிடும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியலம்மா," என்றாள் அடுப்பம்மா. சிட்டு தலையாட்டினாள், பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இருவருமாக வேலையில் இறங்கினார்கள். மூடியின் பாதியை வீட்டுக்காரர் அறுத்துக் கொடுத்தார், அன்று அவர் வாயே திறக்கவில்லை. தகரத் தாளைக் கிழித்து எறிந்தார்கள். பாயை எடுத்தார்கள். விளக்கை ஒரு கோடிக்குத் தள்ளினார்கள். மறுகோடியில் சிட்டு மண்ணை ஈரமாக்கி, பாதி உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் புதைத்தாள். ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் சில்லென்று கிடந்த அந்தப் பெட்டியைப் பார்க்க அடுப்பம்மாவுக்குக் கை பரபரத்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு மோசமான அடுப்பை அவள் செய்ததில்லை.

பொத்தான் பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. அதை மறைத்து உங்களை இழுத்தடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு அது உள்ளங்கையை அடைத்துக்கொண்டு உட்காருகிறது, வீட்டுக்காரரின் கால் கட்டைவிரலைப் பழம் என்று நினைத்துக் கடிக்கிறது. ஆனால் அன்று சாயங்காலம் இது யாருக்கும் தெரியாது.

அதை விளக்கின் கீழ் வைத்தார்கள். ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு ஒரு முன்னங்காலை எடுத்து வைத்தது, நின்றது, இன்னொரு காலை இழுத்தது. கண்ணைத் திறக்காமலேயே குளிர்ந்த பக்கமாக ஊர்ந்து போய்ப் பூந்தொட்டியின் இருட்டுக்குள் நுழைந்தது. அப்புறம் சத்தமே இல்லை. உள்ளே உயிர் இருக்கிறதா, போய்விட்டதா? அடுப்பம்மாவின் கை தானாகத் தொட்டியைத் தூக்கப் போயிற்று.

"தூக்காதீங்க பெரியம்மா," என்றாள் சிட்டு. "கொஞ்சம் விடுங்க அத."

அடுப்பம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

நிம்மதியாகப் போய்விட்டாள் என்று எல்லாரிடமும் சொன்ன பதில் அவளிடம் தயாராக இருந்தது.

"வலிச்சுது," என்றாள். "கடைசியில ரொம்பவே வலிச்சுது. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒண்ணும் செய்ய முடியல."

"என்னைக் கேட்டாங்களா?"

இதைச் சொன்னால் இந்தப் பெண் ஜென்மத்துக்கும் தன்னை மன்னிக்கமாட்டாள் என்று அடுப்பம்மாவுக்குத் தெரியும்.

"உன்னத்தான் கேட்டா. கேட்டுக்கிட்டே இருந்தா. நீ பயந்துருவேன்னு நான்தான் உள்ள விடல. நான் செஞ்சது தப்பு."

சிட்டு அவளை அடித்தாள். தோளில், கையில், மார்பில், பட்ட இடத்திலெல்லாம் குட்டிக் கைகளால் அடித்தாள். அம்மா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், அடித்த வேகத்திலேயே பெரியம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீடே அதிர அழுதாள். அழாதே கண்ணு என்று சொல்ல அடுப்பம்மாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை.