விவரம்: ஐந்து வரிகளுக்கு மிகாமல்

1

ஒரு படிவத்தில் இடம் போதவில்லை. இந்தக் கதை பிறந்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

எங்கள் கல்லூரியில் கணினியை யாராவது முறைகேடாகப் பயன்படுத்தினால் லேப் பொறுப்பாளர் 'சம்பவ அறிக்கை' என்றொரு படிவத்தை நிரப்ப வேண்டும். பொறுப்பாளர் நான்தான். அதில் 'விவரம்' என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே 'ஐந்து வரிகளுக்கு மிகாமல்' என்று ஒரு மிரட்டல். அதற்குக் கீழே இரண்டு குட்டிக் கட்டங்கள்: விதிமீறல், விதிமீறல் இல்லை. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். மூன்றாவது கட்டம் கிடையாது. படிவத்தைத் தயாரித்ததும் நான்தான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

இன்று வியாழன். மாலை நான்கு மணிக்குள் படிவம் துறைத்தலைவர் மேஜைக்குப் போக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டரை. ஐந்து வரியில் எழுதிப் பார்த்தேன். ஆறாவது வரியில்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. சரி, கதையாகவே எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

(கதை எழுதுவது எனக்குப் புதிதில்லை. இதற்கு முன் மூன்று அச்சாகியிருக்கின்றன. மூன்றையும் படித்தவர் என் கணவர் ஒருவர்தான். அவரும் இரண்டாவதைப் படித்தேன் என்று சொன்னது பொய் என்பது என் கணிப்பு.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஒரு பெண் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள்."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டாவது முயற்சி: "நம்பிக்கை என்பதும் ஒரு கடவுச்சொல் மாதிரிதான், அதை இன்னொருவரிடம் பகிரும்போது நாம்"

சீ, போதும். பாதியில் விட்டுவிட்டேன், ஆனால் அழிக்கவில்லை. இங்கே எதையும் அழிக்கப்போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. திங்கள் பதினொன்று இருபதுக்கு என் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஒரே கணக்கு இரண்டு இடங்களில் திறந்திருக்கிறது என்றது. ஒன்று லேபில் பதினான்காம் நம்பர் கணினி. மற்றது கல்லூரிக்கு வெளியே, ஏதோ ஒரு வீடு. கணக்கை சர்வரே பூட்டிவிட்டது. நான் டிக் போடும்வரை அது திறக்காது.

பதினான்கில் உட்கார்ந்திருந்தவள் கடைசி வருட மாணவி. மூன்று வருடமாக அதே நாற்காலிதான். அதனால் நான் அவளைப் 'பதினாலு' என்றுதான் கூப்பிடுவேன், அவளும் திரும்பிப் பார்ப்பாள். அன்று அவள் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய நேரம். ஆசிரியர் லீவு என்பதால் லேபுக்கு வந்துவிட்டாள். வந்த இடத்தில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

என் மேஜைக்கு அழைத்தேன். போனிலும் திறந்து வைத்திருந்தேன் மேடம் என்றாள். கணக்கைத் திறக்கும் மென்பொருள் போனில் ஓடாது என்றேன். தோழி வீட்டில் மூடாமல் வந்துவிட்டேன் என்றாள். எந்தத் தோழி என்றேன். என் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை நேராக நகர்த்தி வைத்தாள்.

"அண்ணி மேடம்," என்றாள். "எங்க அண்ணி."

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு விதிமுறைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சலிப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள். கல்லூரியில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

'கணினி வளப் பயன்பாட்டு விதிமுறைகள்' மொத்தம் இருபத்திரண்டு. பதினோரு வருடம் முன்பு நான் எழுதியவை. எழுதினேன் என்பது பெரிய வார்த்தை. அங்கிருந்து பாதி, இங்கிருந்து பாதி என்று ஒட்டுப்போட்டதுதான். வாயில் பாஸ்வேர்டு என்று வருவதையெல்லாம் கடவுச்சொல் என்று மாற்றியது மட்டும் என் சொந்த உழைப்பு. விதி ஒன்பது: தன் கணக்கைப் பிறருக்குத் தரக்கூடாது. தந்தது உறுதியானால் கணக்கு மூடப்படும், உள்ளே இருப்பது எல்லாம் அழிக்கப்படும். விதி பன்னிரண்டு: ஒரு பருவம் முழுக்க வராத மாணவரின் கணக்கு, முன்னறிவிப்பு கொடுத்து முப்பது நாள் கழித்து மூடப்படும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவர் திரையிலும் இந்த இருபத்திரண்டும் வரும். கீழே 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். யாரும் படிப்பதில்லை என்று எனக்கு ஒரு கோபம். அதனால் பதினேழாவது விதியின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவைத்தேன்: 'இதை உண்மையிலேயே படித்தவர் லேப் பொறுப்பாளரிடம் வந்து சொன்னால் ஒரு பேனா தரப்படும்.'

பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் ஒப்புக்கொண்டிருப்பார்கள்! சொன்னால் நம்பமாட்டீர்கள், பேனா கேட்டு வந்தது ஒரே ஒரு பெண். ஏழு வருடம் முன்பு, சேர்ந்த முதல் நாளே வந்து நின்றாள். "மேடம், பதினேழாவது விதியில ஒரு பேனா இருக்கு," என்றாள், ஏதோ நான் மறந்து வைத்துவிட்டதை எடுத்துக் கொடுக்க வந்தவள் போல. பச்சை மைப் பேனா ஒன்று கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு மனசு குளிர்ந்திருந்தது.

4

நேற்று, புதன்கிழமை, பதினாலின் அண்ணி தானாகவே லேபுக்கு வந்தார். குழந்தையை அதன் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். எனக்கு முகம் உடனே பிடிபடவில்லை. அவர் பையைத் திறந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

[இல்லை. இது நான் சேர்த்தது. ஏழு வருடம் ஒரு பேனாவை யார் வைத்திருப்பார்கள்? கதாசிரியை புத்தி உள்ளே புகுந்துவிட்டது. நடந்தது கீழே.]

என்னைத் தெரிகிறதா என்று கேட்டார். விழித்தேன். பதினேழாவது விதி என்றார். அட, நீயா என்று எழுந்தேவிட்டேன். பேனா எங்கே என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, அது இரண்டாவது வருடமே மை தீர்ந்துவிட்டது என்றார். அவ்வளவுதான்.

பிறகு உட்காராமலே பேசினார்.

"விதி ஒன்பது எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சேதான் பண்ணேன். அவ சின்னப் பொண்ணு, நான் கேட்டேன், குடுத்தா. அவளை விட்டுடுங்க."

மற்றதை நான் சுருக்கிச் சொல்கிறேன். இவருடைய அம்மா ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஷிப்ட் போடுகிறவர் வாய் பேசாதவர்கள் தலையிலேயே கஷ்டமான ஷிப்டுகளைக் கட்டுவாராம். ஒரு வார்டின் ஷிப்டுகளை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் கணினி நிரலை இவர் கடைசி வருட வேலையாக எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய முடித்தும்விட்டார். அப்போது குழந்தை உண்டாகி, எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஒரு பருவம் வரவில்லை. திரும்பி வந்தபோது கணக்கும் இல்லை, நிரலும் இல்லை. படிப்பு அங்கேயே நின்றது.

விட்ட படிப்பை ஐந்து வருடத்துக்குள் வந்து முடிக்கலாம் என்று கல்லூரியில் ஒரு ஏற்பாடு உண்டு. இவருக்கு இதுதான் கடைசிப் பருவம். வேலையைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பதோ ஒரு கிழட்டு லேப்டாப்; அதில் நம் சர்வரை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான் அதன் தெம்பு. ஆகவே நாத்தனார் வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் நாத்தனாரின் கணக்கில் நுழைந்து, அழிந்துபோன நிரலை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஒன்றரை வருடமாக. எல்லாம் அந்தப் பூட்டிய கணக்குக்குள்தான் இருக்கிறது. பதினாலின் சொந்த வேலையும் அங்கேயேதான் இருக்கிறது. அவள் அதை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள்.

போகும்போது ஒன்று சொன்னார். குற்றம் சொல்லும் குரலே இல்லை.

"அப்பவே உங்ககிட்ட வந்து கேட்டேன் மேடம். முன்னறிவிப்பு அனுப்பினோமே, பாக்கலையான்னு கேட்டீங்க. நான்தான் பாக்காம விட்டுட்டேன் போலன்னு போயிட்டேன்."

எனக்கு அது நினைவே இல்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

5

அவர் போனபின் நான்கு வருடம் முந்தைய சர்வர் பதிவைத் திறந்தேன். என் பக்கம் சரியாகத்தான் இருக்கும், பார்த்துவிட்டால் நிம்மதி என்றுதான் திறந்தேன்.

அந்தப் பருவத்தில் முந்நூற்று நாற்பது கணக்குகளை ஒரே மூச்சில் மூடியிருக்கிறேன், காலை பத்து ஐந்துக்கு. முன்னறிவிப்பு போனது அதே நாள் பத்து நாற்பதுக்கு. முப்பது நாள் இடைவெளியாவது மண்ணாவது. அதுவும் எங்கே போனது? கல்லூரி மின்னஞ்சலுக்கு. கல்லூரி மின்னஞ்சலைத் திறக்க அதே கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் முப்பத்தைந்து நிமிடம் முன்பு மூடிவிட்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, 'வீட்டைப் பூட்டப் போகிறேன், பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டெழுதிக் கதவிடுக்கு வழியாக உள்ளே போட்டிருக்கிறேன்.

முந்நூற்று நாற்பது பேரில் ஒருவர்கூடப் பார்த்திருக்க முடியாது. ஒருவர் வந்து கேட்டார். அவரிடம் நீங்கள்தான் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். என் விதிகளைப் படித்த ஒரே ஆளிடம்.

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

6

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: 'விதிமீறல்' கட்டத்தில் டிக். விதிப்படி சரி. நான்கு மணிக்குக் கணக்கு மூடப்படும், உள்ளே இருப்பது அழியும். ஒரே பெண்ணின் ஒரே வேலையை ஒரே கை இரண்டாவது முறையாக அழிக்கும். துணைக்கு நாத்தனாரின் ஒரு வருடமும் போகும்.

முடிவு ஆ: 'விதிமீறல் இல்லை'. விவரத்தில் 'சர்வர் கோளாறு' என்று எழுதிவிடலாம், பாவம் சர்வர், எதிர்த்துப் பேசாது. எல்லோரும் சிரித்தபடி வீட்டுக்குப் போவார்கள். எனக்கும் இந்த முடிவுதான் பிடித்திருந்தது. ஆனால் போன வருடம் இதே ஒன்பதாம் விதியில் ஒரு மாணவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டேன். அவன் கணக்கைப் பயன்படுத்தியது யார், எதற்காக என்று நான் கேட்கவே இல்லை. அவனுக்கும் ஒரு

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

(நீயே ரகசியமாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விதி பத்தொன்பது: புகாரில் இருக்கும் கணக்கைப் பொறுப்பாளரும் தொடக்கூடாது. தொட்டால் பதிவாகும். எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.)

7

இப்போது, எதையும் ஏன் அழிக்கவில்லை என்று சொல்கிறேன்.

விதி ஆறு: கல்லூரிக் கணினி ஒவ்வொன்றின் திரையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமாக எடுக்கப்படும். துறைத்தலைவர் பார்வையிடுவார். அவர் எடுத்து வைக்காத படங்கள் முப்பது நாளில் தானாக அழியும். பொறுப்பாளரின் கணினிக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. இந்தக் கதையின் பகுதிகள் இவ்வளவு சின்னதாக இருப்பது இலக்கிய நுட்பம் என்று நீங்கள் நினைத்திருந்தால் நன்றி. ஒரு திரையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு எழுதிவிட்டு, எதையும் அழிக்காமல், பத்து நிமிடம் ஆகி அது படமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, இவ்வளவு நேரம் 'நீங்கள்' 'நீங்கள்' என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது உங்களைத்தான் சார். மூன்றரை மணிக்கு டீயை வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வந்திருந்தால், "விடுங்க மேடம், பழைய கதை, யாருக்கு ஞாபகம்?" என்று சொல்லியிருப்பீர்கள். நல்ல மனசில்தான் சொல்வீர்கள். எனக்கும் அது வசதியாக இருக்கும், விட்டிருப்பேன். அதனால்தான் விட முடியாத இடத்தில் எழுதினேன்.

8

மணி மூன்று பத்து. என் மேஜையில் இரண்டு படிவங்கள் இருக்கின்றன.

ஒன்று என் பெயரில். விதி பன்னிரண்டு, முன்னறிவிப்பு இல்லாமல் முந்நூற்று நாற்பது கணக்குகள். விவரம் மூன்று வரியிலேயே முடிந்துவிட்டது. 'விதிமீறல்' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நான்கு வருடம் முந்தைய பதிவின் அச்சு கூடவே இருக்கிறது.

மற்றது பதினாலின் பெயரில். விவரக் கட்டத்தில் 'படங்களைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இரண்டு குட்டிக் கட்டங்களும் காலி. என் முதல் தவறால் பிறந்த இரண்டாவது தவறுக்குத் தீர்ப்பு சொல்ல நான் சரியான ஆளில்லை. அந்த இரண்டு பெண்களும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணி ஏதோ சொல்ல, பதினாலு தலையை மட்டும் ஆட்டுகிறாள். இங்கிருந்து கேட்கவில்லை.

இந்தக் கோப்பை நான் சேமிக்கப்போவதில்லை. சொந்த எழுத்தைக் கல்லூரிக் கணினியில் வைத்திருப்பது விதி நான்கின்படி குற்றம், இன்றைக்கு எனக்கு ஒன்று போதும். இதற்கு இருக்கும் ஒரே பிரதி உங்களிடம் உள்ள படங்கள்தான். துறைத்தலைவர் அல்லாத வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர் எடுத்து வைத்தார் என்று அர்த்தம். எந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்காவிட்டால் முப்பது நாளில் இதுவும் தானாக அழிந்துவிடும் சார். இந்த முறை முன்னறிவிப்பை முதலிலேயே கொடுத்துவிட்டேன்.